மாறன் என்கிற வலம்புரி நத்தை

போன சனிக்கிழமை நானும் என் கணவரும் ஒரு நத்தையைத் தேடிக்கொண்டு சைக்கிளில் வல்லை வெளியைக் கடந்தோம்.

சிரிக்காதீர்கள். மாடு காணாமல் போனால் தேடுவதில்லையா? ஆடு? கோழி? நத்தைக்கு மட்டும் என்ன குறை?

உண்மையில் குறை இருந்தது... அதனால்தான் தேடினோம்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் கணவர் கணக்குப் படிப்பிக்கிறவர். ஊருக்கு ‘மாஸ்ரர்’. இந்தப் பத்தியில் ‘இவர்’ என்று அடிக்கடி வந்து போகிறவர். கரண்ட் இருந்த காலத்தில் எங்கள் கோப்பாய் வீட்டு விறாந்தையில் ஒரு மீன் தொட்டி வைத்திருந்தார். தண்ணீருக்குள் காற்று விடக் குட்டி மோட்டர், பச்சை பல்ப், ஏழு தங்க மீன்கள். ஊருக்கே கரண்ட் நின்றது, மோட்டரும் நின்றது. இவர் விடுவாரா? சைக்கிள் பம்பை எடுத்துவந்து தொட்டிக்குக் காற்றடித்தார். காலையில் அடித்தார், பள்ளிக்கூடம் விட்டு வந்தும் அடித்தார். மிச்ச நேரத்துக்கு மீன்கள் என்ன செய்யும்? ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

பிறகு இரண்டு மாதம் அந்த வெறும் தொட்டியைப் பார்த்தபடி தேத்தண்ணி குடித்தார். எனக்கே பாவமாகிவிட்டது.

மாரி தொடங்கியது. ஒரு காலை கிணற்றடி முருங்கையிலிருந்து எதையோ பிய்த்துக்கொண்டு ஓடி வந்தார். உள்ளங்கை நிறைய ஒரு நத்தை.

“இஞ்சாரும், கரண்ட் வேண்டாத சீவன்!”

அன்றே தொட்டிக்குள் மண் போட்டார். பப்பாசி இலை, வெள்ளரித் துண்டு, ஒரு சிரட்டைத் தண்ணீர். ஒன்று நான்காகி, நான்கு ஒன்பதாயிற்று. எங்கள் பக்கத்து வளவுக்காரர் கந்தையா அண்ணைக்குத் தோட்டம்தான் சீவியம். அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“மாஸ்ரர், நான் விடியவிடிய உதுகளைப் பொறுக்கி எறிஞ்சு கத்தரிக் கண்டைக் காப்பாத்திறன். நீங்கள் சாப்பாடு போட்டு வளக்கிறியளே?”

“உங்கடை தோட்டத்திலை இருந்து ஒன்பதைக் குறைச்சிருக்கிறன். அதைப் பாருங்கோ” என்றார் இவர்.

ஆனால் ஒன்று கவனித்தேன். இவர் கண்டதையெல்லாம் பொறுக்கவில்லை. குறை உள்ளதுகளாகப் பார்த்துப் பொறுக்கினார். ஒன்றுக்குக் கொம்பு பிளவுபட்டு, பிளந்த இரண்டு நுனியிலும் கண். ஆக மொத்தம் மூன்று கண்! அதற்குப் பெயர் ‘கொம்பன்’. ஏதோ குருவி கொத்தி, திரும்ப முளைக்கும்போது இரண்டாக முளைத்திருக்கும் என்றார். இன்னொன்றின் ஓடு சுருள மறந்துபோய் நீளமாக இழுபட்டுக் கிடந்தது. அது ‘புடலை’. குஞ்சாய் இருக்கும்போது அடிபட்டிருக்குமாம். வேறொன்றின் ஓடு பழைய சுவரின் சுண்ணாம்பு மாதிரி உரிந்து உரிந்து விழுந்தது.

“நல்லது ஒண்டும் அகப்படேல்லையோ?” என்று கேட்டேன்.

“நல்லதுகள் தங்கடை பாட்டைப் பாக்கும்” என்றார்.



இப்போது சின்னராசாவைச் சொல்லவேண்டும். வடமராட்சிக் கரையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர். புதனும் சனியும் எங்கள் படலையில் மணி அடிப்பார். ஐம்பது வயது இருக்கும். அதிகம் கதைக்கமாட்டார். மீனின் பெயரைச் சொல்வார், வெட்டித் தருவார், போய்விடுவார். நான்கு வருடத்தில் அவர் விறாந்தைக்கு ஏறியதே இல்லை.

இரண்டு கிழமைக்கு முந்திய ஒரு புதன். திடீரென்று மழை. “நனையாமல் ஏறி நில்லும்” என்று இவர் கூப்பிட்டார். சின்னராசா தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சும்மா பார்த்தார். பிறகு குனிந்து பார்த்தார். பிறகு கேட்காமலே கையை உள்ளே விட்டு ஒரு நத்தையைத் தூக்கினார். பார்த்தால் ஒரு குறையும் இல்லாதது போலத் தெரிந்த ஒரே நத்தை அதுதான்.

பெருவிரலால் அதன் ஓட்டைத் தடவினார்.

“மாஸ்ரர்... உது வலம்புரியல்லோ!”

எனக்கு விளங்கவில்லை. அவரே காட்டினார். ஓட்டின் சுருள் நுனியை மேலே பிடித்து, வாயை நமக்கு நேரே திருப்பினால் எல்லா நத்தைக்கும் வாய் வலது பக்கம் இருக்கும். இதற்கு இடது பக்கம். ஓடு முழுவதும் எதிர்ப் பக்கமாகச் சுற்றியிருந்தது. கண்ணாடியில் பார்க்கிற நத்தை மாதிரி.

“இடது பக்கம் வாய் உள்ளதை ஏன் வலம்புரி எண்டுறீர்?” என்று கேட்டேன்.

“சங்கை நாங்கள் நுனி கீழை இருக்கத்தானே அக்கா பிடிக்கிறது. பிடிச்சுப் பாருங்கோ.”

தலைகீழாய்ப் பிடித்தேன். வாய் வலது பக்கம் வந்துவிட்டது! பிடிக்கிற பிடியில்தான் எல்லாம் இருக்கிறது பாருங்கள்.

இரண்டு மாதமாகத் தினமும் பார்த்த கணக்கு மாஸ்ரருக்கு இது தெரியவில்லை. வெட்கப்பட்டார். பிறகு சந்தோஷத்தில் குதித்தார். இது அடிபட்டதோ கொத்துப்பட்டதோ இல்லை, பிறவியிலேயே வருவது, ஆயிரக்கணக்கில் ஒன்றுக்குக்கூட வராது என்றெல்லாம் விளக்கினார். அங்கேயே பெயரும் வைத்தார்: மாறன்.

சின்னராசா இதொன்றையும் கேட்டதாகத் தெரியவில்லை. மழையைப் பார்த்தபடி கதைக்கத் தொடங்கினார். நான்கு வருடத்துக் கதையையும் ஒரு மழையில் கதைத்துவிட்டார்.

பத்தொன்பது வயதில் அவர் சங்கு குளிக்கப் போயிருக்கிறார். ஒரு நாள் கடலடியில் மண்ணுக்குள் கை வைத்து ஒரு சங்கை எடுத்தாராம். கலங்கல் தண்ணீர், கண் தெரியாது. ஆனால் விரலுக்குத் தெரிந்ததாம். பெருவிரல் வழமையாகப் போய் விழுகிற பள்ளம் அங்கே இல்லை. மற்றப் பக்கத்தில் இருந்தது. வலம்புரி! மேலே வந்து, தோணிக்காரச் சம்மாட்டியிடம் கொடுத்தார். அந்த ஆள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “போடா, சாதாரணச் சங்கு” என்று மடியில் வைத்துக்கொண்டானாம். மடியில் வைத்த சங்கை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை.

“ஊரிலை ஒருத்தரும் நம்பேல்லை, மாஸ்ரர். என்ரை மனிசியும்தான். உப்பிடி ஒண்டு இந்தக் கரையிலை இல்லை எண்டுறாள். முப்பது வருசம்...”

நத்தையை இன்னும் கீழே வைக்கவில்லை.

“ஒரே ஒரு நாள் தாருங்கோ. அவளுக்குக் காட்டிப்போட்டுச் சனிக்கிழமை கொண்டுவந்து தாறன்.”

நத்தை எதிர்ப் பக்கமாகச் சுற்றினால், அவர் சங்கு எடுத்தது எப்படி உண்மையாகும்? கணக்கு மாஸ்ரர் இதைக் கேட்கவேண்டாமா? கேட்கவில்லை. பிஸ்கட் ரின்னில் ஈரத் துணி விரித்து, பசளிக்கீரை வைத்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மாறனை அனுப்பிவைத்தார்.

சனிக்கிழமை மணி அடிக்கவில்லை. புதனும் அடிக்கவில்லை.

“கறி வைச்சுத் திண்டிருப்பினம்” என்று பகிடிக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. இவர் அரைவாசிச் சோற்றோடு எழும்பிவிட்டார். அன்றைக்குத் திருத்திய கொப்பிகளில் சரியான கணக்குகளுக்குப் பிழை போட்டிருந்தார். ஒரு நத்தைக்காக ஒரு வகுப்பே பெயிலாகவா? “வாங்கோ, நாங்களே போய்ப் பாப்பம்” என்றேன்.

அப்படித்தான் போன சனிக்கிழமை, வடமராட்சிக்குப் போகும் வழியில், வல்லை வெளி. எதிர்க்காற்றுக்கு மிதித்து மிதித்து முழங்கால் கழன்றுவிட்டது. வழி நெடுக இவர் சின்னராசாவுக்குச் சொல்லவேண்டியதை உரத்துப் பாடமாக்கிக்கொண்டு வந்தார். “ஒருத்தரை நம்பித் தந்தால்...” என்று தொடங்கும் பேச்சு. நன்றாகத்தான் இருந்தது.

நெல்லியடியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் விசாரித்தோம்.

“சின்னராசாவோ? எந்தச் சின்னராசா?”

“சைக்கிளிலை மீன் விக்கிறவர்.”

“ஓ... வலம்புரியாரே!”

கடை முழுக்கச் சிரித்தது. ஒரு கிழவர் புரையேறும்வரை சிரித்தார். முப்பது வருடத்துப் பகிடி இன்னும் சூடு ஆறவில்லை. இவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வழியில் அந்தப் பேச்சைப் பாடமாக்கவும் இல்லை.

கரையோரம் சின்ன வீடு. முற்றத்தில் வலை காய்ந்தது. எங்களைக் கண்டதும் சின்னராசா எழும்பி நின்றார். 

“மாஸ்ரர்... எந்த முகத்தோடை அங்கை வாறது எண்டு...”

“செத்துப்போச்சோ?” என்றார் இவர்.

“இல்லை. ஆனா...”

“விழுத்தினது நான்” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. பிறகுதான் ஆள் வந்தார். சின்னராசாவின் மனைவி பூமணி. நெடிய பெண், கையில் ஒரு மண்சட்டி.

“அவரிலை பிழை இல்லை, மாஸ்ரர். ஏசிறதெண்டால் என்னை ஏசுங்கோ.”

நடந்தது இதுதான். சின்னராசா ரின்னைத் திறந்து காட்டியிருக்கிறார். பூமணி பார்த்துவிட்டு, “நத்தைதானே, எல்லாம் ஒரு மாதிரித்தான் கிடக்கு” என்று சொல்லியிருக்கிறார். “பாக்காதை, பிடிச்சுப் பார்” என்றாராம் சின்னராசா. பூமணியின் தகப்பனும் சங்கு குளித்தவர். சின்ன வயதில் கூடை கூடையாகச் சங்கு கழுவிய கை அது. சரி, பிடித்துத்தான் பார்ப்போம் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருக்கிறார்.

“பெருவிரல் பிழையான பக்கம் போச்சுதக்கா” என்றார் பூமணி என்னைப் பார்த்து. “பள்ளம் இருக்கவேண்டிய இடத்திலை இல்லை. மற்றப் பக்கத்திலை கிடக்கு. முப்பது வருசமா இந்த மனிசன் இதைத்தான், இப்பிடியேதான் சொன்னவர். கையிலை பிடிக்காத ஆளுக்கு அது தெரியாதக்கா. கற்பனையிலை சொல்லேலாது. எனக்கு நெஞ்சு திக்கெண்டுது... கை விட்டுப்போச்சு.”

சீமெந்து நிலம். ஓடு வெடித்துவிட்டது.

பூமணி இருந்து அழுதாராம். நத்தையைப் பார்த்து அழுதாரா, முப்பது வருடத்தை நினைத்து அழுதாரா என்று நான் கேட்கவில்லை. சின்னராசா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பூமணி சட்டியை நீட்டினார். ஈர மண், கீரை. நடுவில் மாறன். இவர் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். 

“என்ன குடுத்தனீங்கள்?”

“கணவாய் ஓட்டை இடிச்சு, தூளைக் கீரையிலை தூவிக் குடுத்தன். ஓடு எண்டால் அதுக்குச் சுண்ணாம்புச் சத்துத்தானே வேணும்? வெடிப்புக்கு மேலை முட்டைக்குள்ளை இருக்கிற தோலை ஒட்டி விட்டன். முதல் நாள் தலையே நீட்டேல்லை. நாலாம் நாள்தான் சாப்பிட்டுது.”

இவர் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு!

“இஞ்சை வந்து பாரும்! ஒட்டுப் போட்டிருக்கு!”

பார்த்தேன். வெடிப்பின் மேல் உள்ளேயிருந்து புது ஓடு வளர்ந்திருந்தது. வெள்ளையாய், மேடு பள்ளமாய், சைக்கிள் ரியூபுக்குப் போட்ட ஒட்டு மாதிரி. அழகில்லைத்தான். ஆனால் மாறன் கொம்பை நீட்டிக் கீரையை அரைத்துக்கொண்டிருந்தான்.

பிறகென்ன? இவரும் பூமணியும் இரண்டு டொக்டர்மார் போலக் கதைக்கத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் ஒன்றுக்கு ஓடு உரிகிறது என்று இவர் சொல்ல, “அதுக்கும் கணவாய் ஓடுதான்” என்று பூமணி ஒரு பை நிறையக் கட்டித் தந்தார். பனங்கட்டியோடு தேத்தண்ணி வந்தது. மத்தியானம் எங்களை எழும்ப விடவில்லை, பாரைக் குழம்பு.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வேலிக்கு வெளியே யாரோ கூப்பிட்டார்கள்.

“வலம்புரியார் நிக்கிறாரோ?” குரலில் அந்தத் தேத்தண்ணிக் கடைச் சிரிப்பு.

பூமணி கையில் அகப்பையோடு வாசலுக்குப் போனார்.

“ஓம். வலம்புரி எடுத்தவர் நிக்கிறார். என்ன விசயம்?”

 சின்னராசா சோற்றுக்கோப்பையில் இருந்து தலையை எடுக்கவேயில்லை. ஆனால் காது இரண்டும் சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

மாறனைக் கொண்டுவந்தோமா? இல்லை. ஓடு இறுகும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று டொக்டர்மார் முடிவெடுத்தார்கள். அரைவாசிச் சோற்றோடு எழும்பிய மனிதர், மாறனுக்குக் கை காட்டிவிட்டு வந்தார்!

திரும்பும்போது வல்லை வெளியில் காற்று முதுகைத் தள்ளியது. மிதிக்கவே வேண்டாம். இவர் எனக்குப் பக்கத்தில் சைக்கிளை விட்டுக்கொண்டு வந்தார்.

“இஞ்சாரும்... நான் பதினெட்டு வயசிலை கீரிமலைக் கேணியை மூச்சு விடாமல் ஒரே முழுக்கிலை கடந்தனான் எண்டு சொல்லுறனான். நீர் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறனீர்.”

இருபத்திரண்டு வருடமாகச் சிரிக்கிறேன். நீச்சல் தெரிந்தவர் என்றே நான் நம்பியதில்லை. ஆனால் அன்றைக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

“கடந்திருப்பியள்” என்றேன்.

“மெய்யாத்தான் சொல்லுறீரோ?”

“மெய்யாத்தான். நான் நம்புறன்.”

 வெளி முடிந்து, பனைகள் தொடங்கின. இவர் சைக்கிளை என் பக்கம் இன்னும் கிட்டக் கொண்டுவந்தார்.

“நடுவிலை ஒருக்கால் மூச்சு விட்டனான்” என்றார்.

நம்பிவிட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறார்களே... என்ன செய்ய!