ஒரே கதவு எண்

பொருளாதாரத் துறையில் பேராசிரியை வேலை எனக்குச் சலித்துப்போயிருந்த நேரம். கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளர்களிடம் என் மாணவி கலா கேட்டு நிரப்பிவந்த ஆய்வுப் படிவங்களில், பன்னிரண்டு பேருக்கு ஒரே கதவு எண். உட்கார்ந்த இடத்திலேயே எழுதியிருக்கிறாள் என்று வகுப்பில் கத்தித் தீர்த்தேன்.

“எல்லாரும் ஒரே ஊட்லதான் கீறாங்க மேடம். வந்து பாருங்க” என்று அழுதாள்.

அவள் வாயை அடைக்கத்தான் போனேன். ஒற்றை அறை. காலை பதினொரு மணிக்கு, தரையே தெரியாமல் ஆறு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“மீதி ஆறு பேர் டூட்டிக்குப் போய்க்கிறாங்க. ரெண்டு மணிக்கு அவங்க வந்தா, இவங்க எழுந்து எடம் குடுக்கணும்” என்றாள் கலா.

“மன்னிச்சிடும்மா” என்றேன்.

உதட்டில் விரலை வைத்தாள். “மெதுவா மேடம். தூங்கட்டும்.”

கிசுகிசுப்பாக இன்னொரு முறை சொன்னேன். திட்டியது வகுப்பு முழுக்கக் கேட்டது. மன்னிப்பு அவள் ஒருத்தி காதில்தான் விழுந்தது. மறுநாள் வகுப்பில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.