எஞ்சின் நின்ற வகுப்பு

நான் நறுவிலிக்குளத்தில் வயலோடு வளர்ந்தவள். கடற்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிக்கப் போனேன். "விளங்குதோ?" என்று கேட்டால் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் "ஓம் டீச்சர்" என்று ஒரே குரலில் பாடும். நல்ல ஆசிரியை என்று எனக்குள் பெரிய பெருமை.

ஒருநாள் சமன்பாடு ஒன்றை முடித்துத் திரும்பினால், ஜெனிற்றா முகம் துடைக்கும் தன் கைலேஞ்சியை, கோடு கீறும் அடிமட்டத்தில் கட்டி உயர்த்திப் பிடித்திருக்கிறாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"என்ன பகிடி இது? வெளியில போய் நில்லும்!"

அவள் அசையவில்லை. "பகிடி இல்லை டீச்சர். கடலில எஞ்சின் நிண்டா அப்பா போட்டிருக்கிற சேட்டைக் கழட்டி, துடுப்பில கட்டி உயர்த்திப் பிடிப்பார். அதைக் காணுற போட் வந்து இழுத்துக்கொண்டு போகும். எனக்கு ரெண்டாவது வரியிலயே எஞ்சின் நிண்டிட்டுது."

கோபம் போன இடம் தெரியவில்லை. சிரித்துவிட்டேன்.

"வேற ஆருக்கெல்லாம் நிண்டிட்டுது?"

ஒன்று, இரண்டு, பிறகு வகுப்பு முழுக்க லேஞ்சிகள். லேஞ்சி இல்லாத ஒருவன் சப்பாத்தைக் கழற்றி, காலுறையைக் கட்டினான். வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் பிள்ளையின் லேஞ்சியும் பறந்தது. இத்தனை நாளும் நான் மட்டும்தான் கரை சேர்ந்திருக்கிறேன்! இரண்டாவது வரிக்குத் திரும்பிப் போய் எல்லோரையும் இழுத்துக்கொண்டு வந்தேன். மணியடித்தும் ஒருவரும் எழும்பவில்லை.

போன கிழமை ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் புதிய சுற்றறிக்கை ஒன்றை வாசித்தார். எனக்குப் பாதிதான் விளங்கியது.

"எல்லாருக்கும் விளங்குதுதானே?"

"ஓம் சேர்" என்றார்கள் எல்லோரும். எனக்கும் அது வாய் வரை வந்தது.

விழுங்கிவிட்டு, பேனையில் என் லேஞ்சியைக் கட்டினேன்.