மூன்று பேர் சீட்டில் ஒரு ஜெபம்

திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவில் வரும் பஸ். ஜன்னலோரம் ஒரு அக்கா, நடுவில் மின்ஜி, ஓரத்தில் நான். மின்ஜி கொரியாவிலிருந்து எங்கள் சபைக்கு ஊழியப் பயணமாக வந்திருக்கும் கல்லூரி மாணவி. அவள் பேசும் இங்கிலீஷுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

காலையிலேயே பாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். "வெளிய எங்கனயும் ஜெபம் கிபம்னு வேண்டாம் மக்கா. அந்தப் பிள்ளை வந்திருக்கது டூரிஸ்ட் விசா. ஊழியம் பண்ணுதான்னு யாராவது போலீஸ்ல சொன்னா வம்பாயிரும்."

அவளிடம் இரண்டு முறை சொன்னேன். தலையாட்டினாள்.

அந்த அக்கா போனைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே வந்தார். நான் தடுப்பதற்குள் மின்ஜி அவர் தலையில் கை வைத்து, சத்தமாகக் கொரிய மொழியில் ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன்சீட்டுக்காரர் திரும்பி போனைத் தூக்கிப் பிடித்தார். "யாரு இவ? என்ன ஓதுதா?"

எனக்குத் தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

நெற்றி நிறையத் திருநீறோடு இருந்த அந்த அக்காதான் பேசினார். "ஏறுனதுல இருந்து அழுதுட்டு வாரேன் அண்ணாச்சி. அப்போ ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. இப்ப எதுக்குப் படம் புடிக்கிய?"

முன்சீட்டுக்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீடியோவை அழித்தாரா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு வாட்ஸ்அப் குரூப்பாகத் திறந்து பார்க்கிறேன். உங்களுக்கு வந்தால் உடனே சொல்லுங்கள். பச்சைச் சுடிதாரில் கண்ணை மூடியிருப்பது நான்தான். நானும் ஜெபிக்கிறேன் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

சத்தியமாக இல்லை. அந்த நேரத்தில் எனக்கு ஜெபமே ஞாபகம் வரவில்லை.