பென்சில் கொண்டை

கனடாவின் மொன்றியலில் நான் துப்புரவு வேலை செய்த பல்கலைக்கழகத்தில் ஒரு சென்னைப் பேராசிரியை இருந்தார். நரைத்த முடியைப் பென்சில் செருகிக் கொண்டை போட்டிருப்பார். எதைக் கண்டாலும் பென்சிலை உருவி எழுதிவிடுவார். துருக்கியில் இடிந்துபோன பைசாந்திய தேவாலயம் ஒன்றைத் தோண்டி, அதன் புதைகுழி மண்ணைத் தட்டுகளில் கொண்டுவந்திருந்தார்.

ஒரு காலை அந்த மண்ணைக் குப்பையென்று நினைத்துக் கொட்டிவிட்டேன். அவர் ஏசவில்லை. குப்பைப் பையைப் பிரித்துச் சல்லடையோடு தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்து சலித்தேன். இடுப்பு விட்டுப்போன நேரத்தில் ஒரு பாற்பல் கிடைத்தது.

"எத்தனை வருசம் மிஸ்?"

"எண்ணூறு இருக்கும்மா."

"அம்மாவை வன்னிச் சண்டைக்குள்ள பங்கரிலேயே மண்ணைப் போட்டுத் தாட்டவை. இடம் ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது. உங்களால கண்டுபிடிக்கேலுமோ மிஸ்?"

அவர் சல்லடையைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு அம்மா என்ன போட்டிருந்தாங்க?"

இதுவரை எல்லோரும் அம்மா எப்படிச் செத்தா என்றுதான் கேட்டார்கள். பின்னேரம் ஊரிலிருந்த அண்ணனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"பச்சைக் கண்ணாடி வளையல் ரெண்டு. கழட்ட நேரமில்லையடி," என்றான்.

மறுநாள் அதைச் சொன்னேன். பேராசிரியை பென்சிலை உருவினார். முடி அவிழ்ந்து விழுந்தது. தோண்டியெடுத்தவற்றைக் குறிக்கும் தன் குறிப்பேட்டில் அந்தப் பாற்பல்லுக்குக் கீழே வளையல்களையும் எழுதினார். ஏன் எழுதினார் என்று இன்றுவரை தெரியாது.