மாமா வண்டியின் மூன்று விளக்குகள்

என் மகள் போன மாதம் தன்னுடைய பெரிய பைக்குக்கு முன்னால் கூடுதலாக இரண்டு விளக்குகள் மாட்டினாள். லீவு விட்டால் மூணாறு, வால்பாறை என்று தனியாகவே வண்டியோட்டிப் போகிறவள் அவள். மலைப்பாதையில் மழையும் மூட்டமும் சேர்ந்து வந்தால் வண்டியில் இருக்கும் விளக்கு காணாதாம். முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என்ஜினுக்கு முன்னால் இருக்கும் பாதுகாப்புக் கம்பியில் கிளாம்பு போட்டு, டேங்குக்கு அடியில் வயரை ஓட்டி, கைப்பிடியில் ஒரு சுவிட்சும் வைத்துவிட்டாள். நானும் பக்கத்தில் இருந்து நட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து நான் எழுந்து வாசல்பக்கம் போன நேரத்தில் அவள் சுவிட்சைப் போட்டாள். வெளிச்சம் நேரே என் முகத்தில் வந்து அறைந்தது.

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

“அணைட்டி அத! எதுக்க வாறவன் கண்ணு அவிஞ்சு போவட்டும்னு நெனைக்கியா? கீழ எறக்குட்டி மொதல்ல!”

“ஏம்மா, இன்னும் அட்ஜஸ்ட் பண்ணவே இல்லயே. இனிமத்தான் செவத்துல அடிச்சுப் பாத்து எறக்கணும். அதுக்குள்ள எதுக்கு இப்படிக் கத்துதிய?”

சொன்னபடியே செய்தாள். வண்டியைத் தள்ளிப்போய் நிறுத்தி, விளக்கின் உயரத்தை அளந்து, எதிர்ச்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கீழேயே விழும்படி இறக்கி முடுக்கினாள். கடைசித் திருகு வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். என்ன ஏது என்று அவள் கேட்டாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்கு அப்படித்தான், கோபத்தை வாயால் சொல்ல வராது. அஞ்சாங்கிளாஸ் எழுத்து கைவசம் இருக்கிறது. அதில் வருகிறதா என்று பார்க்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. தென்காசியில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அதில் ஒருவர் என் தாய்மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார். பம்பு செட் கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிற வேலை. ஆரியங்காவு தாண்டி புனலூர், கொல்லம் வரைக்கும் அந்த வண்டியிலேயே போய்வருவார். தான் குளிப்பதற்கு முன்னால் வண்டியைக் குளிப்பாட்டுவார். தனக்குத் தலை சீவுவதைவிட அதிக நேரம் அதன் டேங்கைத் துடைப்பார். அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை. அப்பாவுக்கும்தான். மச்சினனின் வண்டி வாசலில் நின்றால் வீட்டுக்கே ஒரு மதிப்பு என்று அவர் நினைப்பு.

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்த சமயம். மலையில் பாதை தெரியவில்லை என்று மாமா ஒரு பழைய காரிலிருந்து கழற்றிய இரண்டு விளக்குகளை வாங்கிக்கொண்டு வந்தார். மெக்கானிக் அண்ணாச்சி எங்கள் வாசலுக்கே வந்து மாட்டிக்கொடுத்தார். இரும்புப் பட்டையை வளைத்து, துளை போட்டு, நடு விளக்குக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகப் பொருத்தினார். வெளிச்சம் கீழே தரையில் விழுகிற மாதிரி இரண்டையும் கவிழ்த்து முடுக்கினார். கடைசியாக ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணாடியின் நடுவிலும் வட்டமாகக் கறுப்புப் பெயிண்ட் வைத்தார். மாமாவின் பழைய விளக்கில் இருந்த கறுப்பு உதிர்ந்து போயிருந்தது. அதற்கும் சேர்த்து வைத்தார். புறப்படும்போது, “தம்பி, அந்தக் கறுப்பு அப்படியே இருக்கட்டும். கைய வச்சிராதிய” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாளில் எல்லா வண்டி விளக்கிலும் அப்படிக் கறுப்பு வைத்திருக்க வேண்டும். எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருப்பதற்காக. எனக்கு அதெல்லாம் யார் சொன்னார்கள்? எங்கள் வீட்டில் கைக்குழந்தை ஒன்று இருந்தது, என் தம்பி. தினமும் குளிப்பாட்டி முடித்ததும் அவன் கன்னத்தில் அம்மா மை வைப்பாள். எனக்குத் தெரிந்த கறுப்பு அது ஒன்றுதான்.

“மாமா, வண்டிக்கும் திருஷ்டி படுமா?” என்று கேட்டேன்.

மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஆமாட்டி! மெக்கானிக் அண்ணாச்சிக்கு நம்ம வண்டி மேல அம்புட்டுப் பாசம். நமக்கு எதுக்கு அதெல்லாம்? காயறதுக்குள்ள தொடச்சிரு.” உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “அக்கா, ஒரு பழந்துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் குடு.”

“எதுக்குலே?”

“இந்தக் கறுப்ப எடுக்கணும். வெளிச்சத்துல பாதி அதுலயே போயிரும்.”

அம்மா தன்னுடைய பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தாள். நான் மூன்று கண்ணாடியையும் பளிச்சென்று துடைத்தேன். அவ்வளவு பெரிய வேலையை அதுவரைக்கும் யாரும் என்னை நம்பிக் கொடுத்ததில்லை. கையெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. நான் துடைக்கத் துடைக்க மாமா ஸ்பேனரை எடுத்து, கவிழ்ந்திருந்த விளக்குகளை நெகிழ்த்தி, நிமிர்த்தி வைத்தார். “நான் இலஞ்சியில வரும்போதே தென்காசிக்காரனுக்குத் தெரியணும்” என்றார். ஆரியங்காவு மூட்டத்துக்கு வாங்கிய விளக்கு. அதை ஏன் ஆகாயத்தைப் பார்க்க வைக்கிறீர்கள் என்று யாராவது பெரியவர்கள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

துடைத்துக் கொடுத்த கூலியாக அந்தச் சனிக்கிழமை மாமா என்னை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார். பெண்கள் பக்கம் தெரிந்த ஒரு அத்தையிடம் ஒப்படைத்து என்னைக் குளிக்கவைத்தார். திரும்பும்போது விளக்கு வைக்கிற நேரம். சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. என்னை டேங்கின்மேல் முன்னால் உட்கார வைத்திருந்தார். இலஞ்சி வந்ததும் மூன்று விளக்கையும் ஒன்றாகப் போட்டார். தூறல் எல்லாம் வெள்ளை நூல் நூலாக எழும்பி நின்றது. எனக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். துடைத்தவள் நானல்லவா!

எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. தென்காசிக்கு வந்து புண்ணாக்கு வாங்கிக்கொண்டு திரும்புகிற வண்டி. முதலில் நான்கு கண்கள்தான் தெரிந்தன, பச்சையாக. பிறகு மாடுகள் தலையைத் தூக்கி மிரளுவது தெரிந்தது. வண்டிக்காரர் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு கத்தினார்.

“ஏலே, வெளக்க அணைலே! வெளக்க அணை!”

சுவிட்சு மாமாவின் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது. என் கண்ணுக்கு நேரேதான் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். மாமா சுவிட்சைத் தொடவில்லை. ஹாரனை அடித்தார்.

எனக்கு இன்றைக்கும் பொறுக்காமல் இருப்பது அந்த ஹாரன்தான். வெளிச்சம் அடித்தது புத்திக் குறைவு என்று விட்டுவிடலாம். ஒரு மனுஷன் வாய்விட்டுக் கேட்கிறான், அதற்குப் பதில் ஹாரனா?

மாடுகள் ரோட்டை விட்டு இறங்கிவிட்டன. சக்கரம் வாய்க்காலுக்குள் சரிந்தது. நாங்கள் கடந்து போகும்போது ஒரு மாடு முழங்காலில் விழுந்து, நுகத்தடி அதன் கழுத்தை அமுக்கிக்கொண்டிருந்தது. அது போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

“மாமா, மாடு விழுந்திட்டு.”

“விழல. படுத்திருக்கும். திரும்பிப் பாக்காத, வண்டி ஆடும்.”

மூன்றாம் நாள் காலையில் அந்த வண்டிக்காரர் வந்தார். அச்சன்புதூரிலிருந்து நடந்தே வந்திருந்தார். ஊருக்குள் நுழைந்து, மூன்று விளக்கு வைத்த மோட்டார் சைக்கிள் யாருடையது என்று கேட்டாராம். கேட்ட முதல் ஆளே எங்கள் தெருவைக் கைகாட்டியிருக்கிறார். மாமா ஆசைப்பட்டபடி ஊருக்கெல்லாம் தெரிந்துதான் இருந்தது.

அவர் உள்ளே வரவில்லை. படியில் ஒரு காலை வைத்து நின்றார். கோபத்தோடுதான் வந்திருந்தார்.

“கால் போச்சு அண்ணாச்சி. இனி அது எந்திரிக்காது” என்று அப்பாவிடம் சொன்னார். “நாத்து முத்திக்கிட்டு வருது. வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சு. ஒத்த மாட்ட வச்சு நான் எப்படி உழுவேன்? வயலு என்னுது இல்ல, பாட்டத்துக்கு எடுத்தது. இந்தப் போகம் உழலைன்னா வேற ஆளுக்குக் குடுத்திருவாங்க. எனக்கு உங்க துட்டு வேண்டாம். உழவு முடியுற வரைக்கும் ஒரு மாடு ஏற்பாடு பண்ணி விடுங்க. அது போதும்.”

அப்பா நியாயஸ்தர் என்று தெருவில் பெயர் எடுத்தவர். மாமாவைக் கூப்பிட்டார்.

வண்டிக்காரர் மாமாவைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார். “பேய் கணக்கா வந்திய. ஒரு வெளக்குலயாவது கறுப்பு இருந்துதா? அணைங்க அணைங்கன்னு கத்துதேன், ஹாரன் அடிக்கிய!”

மாமாவுக்கு அடுத்த வாரம் பெண் பார்க்கப் போவதாக இருந்தது. போலீசு, கேசு என்று ஒன்று கிளம்பினால் பெண் வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

“மெக்கானிக் கறுப்பு வச்சுத்தான் விட்டாரு அத்தான்” என்றார் மாமா. “இவதான் வெளையாட்டுக்கு மண்ணெண்ணெயத் தொட்டுத் தொடச்சிட்டா. எனக்கே அன்னைக்கு வண்டிய எடுத்தப்புறம்தான் தெரியும்.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “ஏட்டி, நீயா தொடச்ச?”

நான்தான் துடைத்தேன். யார் துடைக்கச் சொன்னது என்று அப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்நிய ஆள் முன்னால் எனக்கு வாய் வந்திருக்காது. தலையை ஆட்டினேன். துணி கிழித்துக் கொடுத்த கைகள் கதவுக்குப் பின்னால்தான் இருந்தன. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமாவையாவது ஒரு வழியாகப் புரிந்துகொள்ள முடிகிறது. அவர் அப்படிப்பட்டவர். அம்மா அப்படிப்பட்டவள் இல்லை. அதனால்தான் அவள்மேல் எனக்குக் கோபம் கூடுதல்.

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் அப்போது ஒரு நோஞ்சான். கவுனுக்குக் கீழே இரண்டு குச்சிக் கால்.

“இந்தப் பிள்ளையா?” என்றார். குரல் இறங்கிவிட்டது. மாமாவை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் சண்டை போட வந்த இடத்தில் எதிரே ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களே, அவர் யாரிடம் போடுவார்?

அப்பா எழுந்தார். கொடியில் கிடந்த பெல்ட்டை உருவினார். “இன்னைக்கு இவ தோல உரிச்சிருதேன் பாருங்க. அப்பத்தான் புத்தி வரும்.”

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அதுவரை படியிலேயே நின்ற மனிதர் ஒரே எட்டில் உள்ளே வந்து, எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றார். அவர் துண்டில் வைக்கோல் வாசனை அடித்தது.

“ஐயையோ, விடுங்க அண்ணாச்சி. பிள்ளைக்கு என்ன தெரியும்? அடிச்சிராதிய. என் மாட்டுக்காக ஒரு பிள்ள அடிபட வேண்டாம்.”

அப்பா பெல்ட்டை ஓங்கியபடியே நின்றார். அவர் அப்பாவின் கையைப் பிடித்து இறக்கினார். “அடிக்க மாட்டேன்னு சொல்லுங்க, நான் போயிருதேன்.” அப்பா மாட்டேன் என்றார். அம்மா ஒரு டம்ளர் மோரைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மாடு விஷயத்தை மறுபடி பேசாமலே படியிறங்கிப் போனார்.

அந்த உழவை அவர் எப்படி முடித்தார், முடித்தாரா, வயல் அவரிடமே இருந்ததா, ஒன்றும் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. மாமாவுக்கு அந்தப் பெண்ணே அமைந்தது. பேரன் பேத்தி எடுத்து, ஊரே கூடி மாலை போட, நல்லபடியாகவே போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு நான் அழுவேன் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வரவில்லை. கூச்ச சுபாவம், நாலு பேர் முன்னால் அழ மாட்டாள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

வண்டிக்காரர் தெருமுனை திரும்புகிறவரைக்கும் அன்றைக்கு நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பெற்ற அப்பாவிடமிருந்து என்னைக் காப்பாற்றிய மனிதர் என்று அவர்மேல் எனக்குப் பக்தியே வந்துவிட்டது. ராத்திரி படுக்கும்போது அவருக்காகச் சாமி கும்பிட்டேன். நாளைக்கு அவர் இல்லாத நேரத்தில் அப்பா பெல்ட்டை எடுத்தால் என்ன செய்வது என்று வெகுநாள் பயந்துகொண்டும் இருந்தேன். அவர் தலை மறைந்ததும் அப்பா பெல்ட்டைக் கொடியில் திரும்பப் போட்டுவிட்டு, அம்மாவிடம் காப்பி கேட்டதை நான் பார்க்கத்தான் செய்தேன். என்னை அடிக்கும் எண்ணம் அவருக்கு முதலிலிருந்தே இல்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.