மண் இளகிய இடம்

இந்த ஊரில் என் கீரையைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. கண்மாயில் துணி துவைத்துவிட்டுத் திரும்பும் பெண்களிடம் நீட்டினால், "வேணாந்தாயி" என்று நடையை எட்டிப்போடுகிறார்கள். தேயிலை மலையிலேயே இருக்கும் உங்களுக்கு இது விளங்காது. அங்கே லயத்து வரிசை வீடுகளில் ஒரு வீட்டுக் கீரை நாலு வீட்டுச் சட்டியில் வேகும். கடல் தாண்டிக் கப்பலில் வந்த சனம் என்று எங்களை ஒதுக்குகிறார்களோ என நினைத்தபோது எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

மேலூர்ச் சாலையில், ஊருக்கு வெளியே எங்களுக்குச் சர்க்கார் கொடுத்த ஓட்டு வீட்டைச் சுற்றித் தரை பாறையாகக் கிடந்தது. மண்வெட்டி போட்டால் கைதான் வலித்தது. பின்னால் கண்மாய்ச் சரிவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் மண் இளகியிருந்தது. அதன்மேல் யாரோ கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். இத்தனை நல்ல மண்ணை இப்படி வீணடிக்கிறார்களே என்று திட்டிக்கொண்டே அந்த முள்ளை இழுத்துச் சுற்றிலும் வேலி கட்டி, உள்ளே கீரை விதை தூவினேன். அரிசி கழுவிய தண்ணீர், அடுப்புச் சாம்பல், வடிகட்டிய தேயிலைச் சக்கை எல்லாம் அங்கேதான் போயின. அரைக்கீரை இருபது நாளில் முழங்காலைத் தொட்டது. அப்படியொரு பச்சையை நம் மலையில்கூட நான் பார்த்ததில்லை. எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. இருந்தாலும் பறித்துக் கடைந்து சாப்பிட்டோம்.

பிறகு ஒரு பெண் வரத் தொடங்கினாள். காக்கைகூடக் கத்தாத உச்சி வெயிலில் வேலிக்கு உள்ளே, எனக்கு முதுகு காட்டிக் குனிந்திருப்பாள். கையைத் துடைத்துக்கொண்டு நான் போவதற்குள் ஆள் இருக்கமாட்டாள். மண்ணில் வெள்ளையாகச் சொட்டுகள் கிடக்கும், எறும்பு மொய்க்கும். இந்த ஊரில் கீரைக்குப் பாலும் தெளிப்பார்கள் போல என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நாலாம் நாள் ஒரு கட்டுக் கீரையோடு காத்திருந்தேன். "எடுத்துக்கோங்க அக்கா" என்று நீட்டினேன். அவள் ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"அறுத்துட்டியா?" என்றாள். "எம்புள்ள இங்கனதான் கெடக்கான். ஆறு மாசத்துப் புள்ள. போன மாசந்தான் பொதைச்சோம். நாய் தோண்டிறக் கூடாதுன்னு முள்ளு போட்டோம். எனக்குப் பால் கட்டிக்கிருச்சு. அவனுக்குன்னு ஊறுனத வேற எங்கிட்டுப் பீச்சுவேன்?"

கையிலிருந்த கீரை கீழே விழுந்தது. நம் ஆட்கள் புதைத்த இடத்தில் தேயிலைக் கன்றைத்தானே நடுவோம்? முள் கிடந்தால் புதைகுழி என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் அம்மாவின் மேல் நிற்கும் செடியில் நானே கொழுந்து பறித்திருக்கிறேன். இதையெல்லாம் அவளிடம் உளறினேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"பறிச்சுத் தின்னியா?"

"ரெண்டு தடவ."

"ருசியா இருந்துச்சா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இருந்துச்சு" என்றேன். அவள் பக்கத்தில் வந்து என் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். எவ்வளவு நேரம் வைத்திருந்தாள் என்று தெரியாது.

அத்தனையையும் வேரோடு பிடுங்கி எறிந்துவிடலாமென்று குனிந்தேன். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"புடுங்காத. வேரு எம்புள்ளயப் புடிச்சிருக்கும்."

இப்போது கீரை இடுப்புக்கு மேல் வளர்ந்து கதிர் விட்டு நிற்கிறது. நான் கிள்ளுவதில்லை, தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன். உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஏழாம் நம்பர் மலையில், ஓடைக்கு மேலே முதல் வரிசையில் மூன்றாவது செடி எங்கள் அம்மா. பழைய செடிகளைப் பிடுங்க ஆள் வந்தால் அதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். இங்கே ஒரு பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்.