அடுத்த மாரிக்குள் குடித்துவிடும்

எங்கள் அப்பா ஒரு மண்வெட்டிப் பிடி வாங்குவதென்றாலும் நாலு பேரிடம் விசாரிப்பார். நாலு பேரும் நாலு விதமாகச் சொல்வார்கள். ஐந்தாவதாக ஒருவரைத் தேடிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். போர் முடிந்து மீளக் குடியேறியபோது, வன்னியில் உடையார்கட்டுப் பக்கத்தில் கிடைத்த காணியையும் அப்படித்தான் விசாரித்தார். அவர் விசாரித்தது கோடையில். கோடையில் எல்லாக் காணியும் நல்ல காணிதான்.

மாரி பிறந்ததும் காணியின் குணம் தெரிந்தது. குளத்துக்குக் கீழே கிடந்த பள்ளம் அது. பெய்த மழை போதாதென்று நிலத்துக்குள்ளிருந்தும் தண்ணீர் ஊறி வந்தது. தம்பியின் ஒற்றைச் செருப்பு காலையில் குசினிக்குள் அடுப்படியில் மிதக்கும். எங்களுக்கு அது விளையாட்டு. அப்பாவுக்கு அலுத்துவிட்டது. ஓமந்தையில் பெரியப்பாவின் வளவில் ஒரு கொட்டில் சும்மா கிடக்கிறது, அங்கே போவோம் என்று சொல்லத் தொடங்கினார். அம்மா வீட்டுக்குள் நின்ற தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். அதுவரை எத்தனை இடம் மாறினோம் என்று அவருக்கே கணக்குத் தவறியிருந்தது.

முன்வீட்டு ஐயா மலைநாட்டிலிருந்து வந்தவர். யூக்கலிப்டஸ் வைத்தால் தண்ணீரை இழுக்கும் என்றார். எந்த யூக்கலிப்டஸ் என்று அவர் சொல்லி முடிக்குமுன் அப்பா சைக்கிளில் ஏறிவிட்டார். ஊரெல்லாம் கேட்டு, கடைசியில் நெடுங்கேணியிலிருந்து கன்றுகள் வந்தன. மெல்லிய நீட்டு இலை, கசக்கினால் நல்ல வாசம். அடுத்த மாரியில் எல்லாம் வேர் அழுகிச் செத்தன. அப்பா சாக்கை உதறிச் சாமான் கட்ட ஆரம்பித்தார்.

அப்போதுதான் அம்மா வெளியே வந்து ஒரு செத்த கன்றைப் பிடுங்கிப் பார்த்தார்.

"இது மேட்டு மரமுங்கோ. சேத்துக்க நிக்கிறது வேற. அதின்ர இலை அகலம், தடிப்பு. மேல கரும்பச்சை, கீழ வெளிறல். பெரிய மரத்தில பட்டை உரியாது. சொரசொரவெண்டு செம்மண் நிறத்தில கிடக்கும்."

அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்தான். பெரிய பிள்ளையாக இருக்கும்போது கலவரத்துக்குப் பயந்து குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர்.

"தெரிஞ்சால் அப்பவே சொல்லுறதுக்கென்ன?"

"ஊரெல்லாம் கேட்டியள். என்னட்டக் கேக்கேல்லையே."

அப்பா செத்த கன்றை வாங்கிப் பார்த்தார். "சரி, வைச்சால் தண்ணி எப்ப வத்தும்?"

"அடுத்த மாரிக்குள்ள குடிச்சிடும்."

அப்பா சாக்கை மடித்து வைத்தார்.

மரக்கறி லொறியில் மலையிலிருந்து புதுக் கன்றுகள் வந்தன. அம்மா அவற்றைத் தண்ணீர் நிறைந்த பேசினில் நாட்கணக்கில் நிற்கவிட்டார். வாடியதை எறிந்துவிட்டு, வாடாததை மட்டும் மண் குவித்து மேடுகட்டி நட்டோம். மாரி வந்தது. கன்றுகள் சாகவில்லை, தண்ணீரும் குறையவில்லை. கணுக்கால் தண்ணீரில் நின்று அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"இன்னும் வேர் இறங்கேல்லையுங்கோ. அடுத்த மாரிக்குப் பாருங்கோ."

அடுத்த மாரியிலும் அதே பேச்சுத்தான். அப்பா கிரவல் மண் கொட்டி வீட்டு நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார். நானும் தம்பியும் மரத்தில் காதை வைத்து, அது தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தோம். எனக்குக் கேட்டது. தம்பி எனக்கு விசர் என்றான்.

இப்போது நான் மலைநாட்டுப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறேன். வாடகை வீட்டின் கீழே ஓடைக்கரையில் அதே சொரசொரப்பான மரங்கள் நிற்கின்றன. இந்த மரம் வைத்தால் சதுப்பு காய எவ்வளவு காலம் எடுக்கும் என்று வீட்டுக்கார அக்காவிடம் கேட்டேன்.

"அது கெடக்கு டீச்சர், வச்ச ஆளுக்கு ஈரந்தான். பேரப்புள்ளைக்குத்தான் காஞ்ச நெலம். இங்க சின்னப் புள்ளைக்கும் இது தெரியுமே."

அப்படியென்றால் அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அந்தச் சாக்கு ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை சாமான் கட்டித் தூக்க என்னால் ஏலாது என்று வாய்விட்டுச் சொல்லக்கூட அப்போது அம்மாவிடம் தெம்பில்லை. அதனால் மரத்தின் மேல் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

அப்பாவை நினைத்தால்தான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. முன்வீட்டு மலைநாட்டு ஐயா பின்னேரத்தில் எங்கள் வாசல் படலையடியில்தான் நின்று கதைப்பார். மண்வெட்டிப் பிடிக்கு நாலு பேரைக் கேட்கிற மனிதர், இந்த மரம் எப்போது குடித்து முடிக்கும் என்று அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை.